சாவிக்காரியின் குரல்

தங்கை அக்காவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, கீழே தெருவில் யாரோ அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

"மூணாவது மாடி. மெதுவா ஏறுங்க. பொண்ணு தூங்குது."

ஆண்குரல். வேண்டுமென்றே கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வந்துட்டாங்க உங்க ஆளுங்க," என்றாள் நர்ஸ், அக்காவின் காலை நேராக்கியபடி. "இன்னைக்கும் போட்டோ எடுக்காம போக மாட்டாங்க. பெரியம்மா, லிப்ஸ்டிக் போட்டுவிடட்டுமா?"

அக்கா கண்ணைத் திறக்காமலேயே உதட்டைக் குவித்துக் காட்டினாள். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வந்துபோன டாக்டர், படிக்கட்டில் இறங்கும்போது அவளை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம். நுரையீரல் ரெண்டுமே போய்விட்டது. நினைவு தெளிவாக இருப்பதே அதிசயம்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா," என்றார்.

"நான் ஒருத்திதான் டாக்டர். வேற யாரும் இல்ல."

"அப்ப கூடவே இருங்க."

அவர் உறவுக்காரர்களைச் சொன்னார். தங்கைக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அக்காவிடமே அவள் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடமாக நாளைக்கு, அடுத்த வாரம், அக்காவுக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். இனித் தள்ளிவைக்க நாள் இல்லை. சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் வந்த படம் அது. ஒரு கத்திக்காரனும், மதுக்கூடத்தில் ஆடும் பெண்ணும் ஓடிப்போகும் கதை. துரத்துகிறவர்கள் கையில் சிக்காமல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அழுக்கு லாட்ஜில் ஒளிந்துகொள்வார்கள். அந்த லாட்ஜை நடத்துகிறவளாக அக்கா. இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி. மொத்தம் நான்கு காட்சி, பதினொரு நிமிடம். முதல் மூன்று காட்சியில் அந்த ஜோடிக்குப் போர்வை கொடுப்பாள், கதவைத் தாழ் போடச் சொல்வாள், அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடுவாள். நான்காவது காட்சியில் துரத்திக்கொண்டு வந்த நான்கு பேரிடம் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அந்த வசனத்தைச் சொல்வாள்.

வந்த வேகத்தில் படம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. ரத்தம் அதிகம், இருட்டு அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதை எங்கிருந்தோ தோண்டி எடுத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். கதாநாயகன் கதாநாயகியைவிடச் சாவிக்காரிக்குத்தான் கூட்டம். அக்காவின் முகம் சட்டையில் வந்தது, சுவரில் வந்தது, ஒரு காபிக் கடையின் கழிப்பறைக் கதவில்கூட வந்தது. போன மாதம் படத்தைத் துடைத்து மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டு வாசலில் தினம் நாலு பேர்.

எல்லாரும் சொல்வது அந்தக் குரலைத்தான். ஈரமே இல்லாத, கருங்கல்லில் கத்தியைத் தேய்க்கிற மாதிரியான குரல்.

அது அக்காவின் குரல் இல்லை. தங்கையின் குரல்.

மணி அடித்தது. தாடி வைத்த ஒருவனும், அக்காவின் முகம் போட்ட கறுப்புச் சட்டை அணிந்த ஒரு பெண்ணும் நின்றார்கள். ஏதோ சினிமா சங்கம் நடத்துகிறார்களாம்.

"அஞ்சு நிமிஷம் மேடம். பார்த்துட்டுப் போயிடுறோம். பேசக்கூட மாட்டோம்."

"இல்லப்பா, அவங்களுக்கு இன்னைக்கு முடியல."

உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "பெரியம்மா வரச் சொல்றாங்க."

உள்ளே வந்ததும் அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாடிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா இருவரையும் பார்த்தாள். பிறகு சட்டையில் இருந்த தன் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்பக் கறுப்பா அடிச்சுட்டாங்க," என்றாள், மூச்சு மட்டுமே இருந்த குரலில். "துவைச்சா போகுமா?"

"போகாது மேடம். கேரண்டி."

"அப்ப சரி. என்னைவிட அது நாள் தாங்கும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அந்தப் படத்தை அறுபது தடவைக்கு மேல பார்த்திருக்கேன் மேடம். உங்க குரல் வந்தாலே கையில முடி நின்னுக்கும். அந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது என் குரல் இல்லம்மா," என்றாள் அக்கா.

"மேடம், சும்மா சொல்லாதீங்க."

"நிஜமா. என் குரல் பிசிறுது, ஓடாதுன்னு சொல்லிட்டாங்க. வேற ஒருத்தி பேசினா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு மேடம்?" என்றான் தாடிக்காரன்.

அக்கா மெல்லக் கையைத் தூக்கித் தங்கையைக் காட்டினாள்.

"இவளைக் கேளுங்க. முப்பது வருஷமா டப்பிங் பேசுறா. அந்தத் தொழில்ல எல்லாரையும் தெரியும். எத்தனை தடவை கேட்டேன், விசாரிச்சுச் சொல்லுடின்னு. சோம்பேறி. இன்னும் சொல்லல."

மூன்று பேரும் தன்னைப் பார்ப்பது முதுகிலேயே தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். இரண்டு வார்த்தை. நான்தான் அக்கா.

"அந்தக் காலத்துல எங்க பேரெல்லாம் படத்துல போட மாட்டாங்கப்பா," என்றாள் தங்கை. "பேசினவங்களுக்கே மறந்திருக்கும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

டப்பிங் பேசியதைக்கூட மன்னித்துவிடலாம். தொழில். யாராவது ஒருத்தி பேசித்தான் இருப்பாள். தங்கை சொல்ல வேண்டியது அதைவிட மோசமானது.

அன்று ஸ்டூடியோவில் அவளுக்கு வயது இருபத்தாறு. ஆறு வருடமாகக் கூட்டக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். சந்தைக் காட்சியில் நாற்பது பேர் சேர்ந்து கூச்சல் போடுவார்களே, அந்த நாற்பதில் ஒருத்தி. தனியாக ஒரு வசனம் கிடைத்ததில்லை. அக்காவோ எட்டு வருடம் மேடையில் நின்றவள். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை பேசுவாள். முதல் தடவையாகச் சினிமாவில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேஷம்.

படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதை அங்கேயே ஒரு டேப்பில் பிடித்துக்கொள்வார்கள். லாரிச் சத்தமும் விசிறிச் சத்தமும் கலந்திருக்கும் அதற்குப் பைலட் என்று பேர். பிறகு ஸ்டூடியோவில் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, உதட்டசைவைப் பார்த்து, சுத்தமாகப் பேசி எடுப்பார்கள். படம் முடிந்தால் பைலட்டை யாரும் சீந்துவதில்லை.

இயக்குநர் அக்காவின் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, குழப்பத்தோடு நின்றிருந்தார். கூட்டக் குரலுக்கு வந்து மூலையில் நின்றிருந்த அவளிடம் ஒலிப்பதிவுக்காரரின் ஹெட்போனை நீட்டினார்.

"நீ அவங்க தங்கச்சிதானே. கேட்டுப் பார்த்துச் சொல்லு. இந்தக் குரல் ஓடுமா?"

கேட்டாள். அக்கா அந்த வசனத்தை மிரட்டலாகச் சொல்லவே இல்லை. 'மூணாவது மாடி' என்றபோது குரல் நடுங்கியது. 'மெதுவா ஏறுங்க' என்பதற்குப் பிறகு ஓர் இடைவெளி. எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு 'பொண்ணு தூங்குது' என்று, பக்கத்து அறையில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்த ஒருத்தி சொல்வதுபோல, கிசுகிசுப்பும் கெஞ்சலுமாக. அதில் சாவிக்காரி கெட்டவள் இல்லை. பயந்தவள். பயத்தில் ஒரு கொலைக்குக் கதவைத் திறந்துவிட்டு, அப்போதும் அந்தப் பெண்ணின் தூக்கம் கலையக்கூடாது என்று நினைக்கிறவள்.

தங்கை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அவ்வளவு நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால்தானோ என்னவோ, ஹெட்போனைக் கழற்றியதும் சொன்னாள்:

"ஓடாதுங்க சார். பிசிறுது."

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் இயக்குநர். "நீ பேசிப் பாக்குறியா?"

மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் மொட்டைமாடியில் நின்று கத்திக் கத்தித் தொண்டையைக் கட்டவைத்துக்கொண்டாள். குரலுக்குக் கரகரப்பு வேண்டும் என்பது ஒரு காரணம். அக்காவுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்பது இன்னொன்று. முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பேசினாள். அந்தக் குரலை அதற்குப் பிறகு எங்கும் எடுக்கவில்லை. ஆனால் அன்று ஸ்டூடியோவில் அதைக் கேட்டவர்கள் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கதாநாயகியின் தோழி, கதாநாயகியின் குழந்தை, பேசும் பொம்மை என்று வேலைக்குக் குறைவே இல்லை.

படம் வந்த அன்று அக்காவும் அவளும் சேர்ந்துதான் பார்க்கப் போனார்கள். முதல் காட்சியில் சாவிக்காரி வாயைத் திறந்ததும் அக்கா இருட்டில் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும்வரை விடவில்லை. வெளியே வந்ததும் தயாரிப்பு மேனேஜரைப் போய்க் கேட்டாள். பிசிறுது, அதான் மாத்திட்டோம்மா என்றார் அவர்.

அதோடு அக்கா மேடையை விட்டுவிட்டாள். எட்டு வருடம் கைதட்டியவர்கள் பாவப்பட்டுத் தட்டியிருக்கிறார்கள் என்று ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிட்டாள். தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டாள். கடைக்குப் போனால் சீட்டில் எழுதி நீட்டுவாள். அக்கம்பக்கத்தில் திமிர் என்றார்கள். சினிமாக்காரர்களிடம், "வசனம் இல்லாத வேஷம் இருந்தா சொல்லுங்க," என்பாள். இருந்தன. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள், ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடப்பவள், சுவரில் படமாகத் தொங்கும் அம்மா.

"பொணமா படுக்கிறதுல எனக்குப் போட்டியே கிடையாதுடி," என்பாள் வீட்டுக்கு வந்து. "மூச்சுகூடப் பிசிறாது."

இப்படி முப்பத்தொரு வருடம். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில்.

மூன்று மணி வாக்கில் செவிடர் வந்தார். அந்தப் படத்தின் ஒலிப்பதிவுக்காரர். எந்த டேக்கையும் 'கேக்கல, இன்னொரு தடவை' என்று திருப்பிக் கேட்பவர் என்பதால் வந்த பேர். இப்போது வயது எழுபத்தாறு. நிஜமாகவே ஒரு காதில் மெஷின்.

அக்காவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா உதட்டை அசைத்தாள்.

"கேக்கல," என்றார். "இன்னொரு தடவை."

அக்காவின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான். "செத்துப்போறேன்னு சொன்னேன்யா."

"அதெல்லாம் ஒரே டேக்ல ஓகே பண்ணிடாதே. நாலஞ்சு தடவை இழுத்தடி. எங்களை எப்படிப் படுத்தினீங்க எல்லாரும்."

கொஞ்ச நேரத்தில் அக்கா கண் அயர்ந்தாள். செவிடர் எழுந்து சமையலறைக்கு வந்தார். தங்கை அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றிருந்தாள்.

"சொன்னியா?" என்றார் தாழ்ந்த குரலில். அன்று அவள் 'ஓடாது' என்றது தெரிந்தவர்களில் மிச்சமிருப்பவர் அவர்தான். இயக்குநர் போய்ப் பத்து வருடமாகிறது.

"இல்லண்ணே."

"நல்லது. சொல்லாதே. இப்பப் போய்ச் சொல்லி அந்தப் புள்ளையை ஏன் நோகடிக்கணும்?"

"அவ குரல் நல்லா இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாமலே போயிடும்ண்ணே."

செவிடர் அடுப்பைப் பற்றவைத்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "அன்னைக்கே உங்கிட்ட கேக்கணும்னு நினைச்சேன், ஏம்மா இப்படிச் சொன்னேன்னு. எனக்கென்ன, டெக்னீஷியன்தானேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அந்த டேப் எங்கேயாவது இருக்குமாண்ணே? தேடிப் பார்த்தா..."

"எங்க இருக்கும். அடுத்த படத்துக்கு டேப் பத்தலன்னாங்க. நாய் குரைக்கிற சத்தம் வேணும்னாங்க. ஒரு ராத்திரி பூரா குரைக்கணும். அதுமேலதான் எடுத்தேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நானே என் கையால."

"நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடேன்," என்றார் பிறகு. "மத்ததை விட்டுடு."

"உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாளே."

செவிடர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு படி இறங்கிப் போனார்.

ஐந்தரை மணிக்கு நர்ஸ் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. அக்கா விழித்திருந்தாள். மூச்சு சின்னச் சின்னதாக, இடையிடையே நின்று நின்று வந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது.

தங்கை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா."

"ம்."

"அந்தப் படத்துல... சாவிக்காரி..."

"இன்னும் அதுவாடி," என்றாள் அக்கா. "விடு. அவளும் எங்கேயாவது செத்திருப்பா."

வாழ்நாள் முழுக்க யாரோ எழுதிக்கொடுத்ததைப் பேசியவள் தங்கை. சொந்தமாக ஒரு வாக்கியம் வேண்டியிருந்தபோது ஒன்றும் வரவில்லை. 'நான்தான்' என்று தொடங்கினால் அடுத்தது என்ன? 'நல்லா இருந்துச்சு' என்று தொடங்கினால்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவளுக்கு அது மிகச் சரியான யோசனையாகப் பட்டது. டேப் அழிந்துபோனால் என்ன, டப்பிங்கின்போது அதை முப்பது நாற்பது தடவை காதில் மாட்டிக் கேட்டவள் இங்கே இருக்கிறாளே. ஒவ்வொரு மூச்சும் தெரியும். எங்கே நடுங்கியது, எங்கே எச்சில் விழுங்கியது, கடைசி எழுத்து எப்படிக் காற்றாக முடிந்தது என்று எல்லாம் தெரியும். பேசிக் காட்டினால் போதும். அக்காவுக்கு அக்காவின் குரலையே கேட்கவைத்துவிடலாம். எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவளே தெரிந்துகொள்வாள். மற்றதை அதற்குப் பிறகு சொல்வது சுலபம்.

முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மைக் முன்னால் நிற்பதுபோல ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"மூணாவது மாடி," என்றாள். குரல் சரியான இடத்தில் நடுங்கியது. "மெதுவா ஏறுங்க."

இடைவெளி விட்டாள். விழுங்கினாள்.

"பொண்ணு தூங்குது."

இத்தனை வருடத்தில் அவள் பேசியதிலேயே அதுதான் உத்தமமான டேக். ஒரு நூல் பிசகவில்லை. முப்பத்தைந்து வயது அக்கா அந்த அறைக்குள் வந்து நின்று பேசிவிட்டுப் போனதுபோல இருந்தது. தங்கை கண்ணைத் திறந்தாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இப்பக் கிண்டல்?"

"கிண்டல் இல்லக்கா..."

"அப்பாவோட சிநேகிதங்க வந்தா என்னை மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பியே. அதே மாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஏறி வரவேண்டியிருந்தது. "பிசிறுதுன்னு எனக்கே தெரியும். உலகமே சொல்லிடுச்சு. நீயும் பேசிக் காட்டணுமா, இன்னைக்கு."

"அக்கா, நான் சொல்ல வந்தது..."

"போதும்டி."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையணையில் அந்தச் சின்ன அசைவுக்கே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

தங்கை அந்தப் பின்தலையைப் பார்த்தாள். மருந்தில் கொட்டியதுபோக மிச்சமிருந்த முடி. அதற்கப்புறம் வார்த்தை தானாக வந்தது, அணை உடைந்த மாதிரி.

நான்தான் பேசினேன்க்கா என்றாள். உன் குரல் பிசிறல என்றாள். ஹெட்போனைக் குடுத்தாங்க, ஓடுமான்னு கேட்டாங்க, நான்தான் ஓடாதுன்னேன். அவ்வளவு நல்லா இருந்துச்சுக்கா, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். எனக்கு ஒரு வசனம் வேணும்னு இருந்துச்சு. ஆறு வருஷம் கூட்டத்துல கத்தினேன்க்கா. ஒரு படத்தோட போயிடும்னு நினைச்சேன், நீ மேடையை விடுவேன்னு நினைக்கல. விட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்பப் பேசினது கிண்டல் இல்ல, அது நீதான். அப்படித்தான் நீ பேசியிருந்தே. கேக்குதாக்கா. நல்லா இருந்துச்சுக்கா.

கதவு திறந்தது. நர்ஸ் மருந்துப் பையோடு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், பையை நாற்காலியில் வைத்தாள், வேகமாக வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"சின்னம்மா, எப்பலேருந்து?"

தங்கைக்குத் தெரியவில்லை. அடுத்தவர் மூச்சைப் பார்த்துப் பேசுவதுதான் அவள் தொழில். திரையில் ஒரு முகம் மூச்சு இழுத்தால் இவளும் இழுப்பாள், விட்டால் விடுவாள். அரை நொடி தவறினால் ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கிவிடுவார். அப்படிப்பட்டவள் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். எந்த வாக்கியத்தில் அக்காவின் மூச்சு நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முதல் வாக்கியத்துக்கு முன்னாலேயேகூட இருக்கலாம்.

நர்ஸ் அக்காவின் தோளைத் தொட்டு, நேராகத் திருப்பிப் படுக்கவைத்தாள். கோபம் அப்படியே முகத்தில் இருந்தது. நர்ஸ் நெற்றியைத் தடவி, புருவத்தை விரலால் நீவிவிட்டாள். கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றபோது தெருவில் இருநூறு பேராவது இருந்தார்கள். நடிகர் சங்கத்திலிருந்து ஒரு மலர் வளையம் வந்திருந்தது. மற்றபடி எல்லாரும் இளசுகள். பாதிப் பேர் அந்தக் கறுப்புச் சட்டை. நேற்று வந்த பெண் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

ஒரு தொலைக்காட்சிக்காரர் வீட்டுக்குள்ளேயே வந்து மைக்கை நீட்டினார். "நீங்க தங்கச்சிதானே மேடம்? உங்க அக்காவோட அந்தப் புகழ்பெற்ற குரலைப் பத்தி ரெண்டு வார்த்தை."

தங்கை மைக்கைப் பார்த்தாள். "எனக்குத் தொண்டை சரியில்ல," என்றாள்.

செவிடர் படிக்கட்டு வளைவில் நின்றிருந்தார். ஸ்ட்ரெச்சர் அவரைக் கடந்தபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். பின்னால் வந்த தங்கையின் கையைப் பிடித்தார்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"கேட்டாளா?"

கீழே யாரோ, "பார்த்து, பார்த்து, வளைவு இருக்கு," என்றார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள்.

வண்டியின் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். தங்கை ஏறி, தலைமாட்டில் இருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவர் கதவைச் சாத்த வந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணா," என்றாள் அந்தப் பெண். "நாங்க எல்லாரும் ஒரே ஒரு தடவை சொல்லிக்கிறோம். அவங்களுக்கு எங்க மரியாதை."

டிரைவர் தங்கையைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

தெருவில் சத்தம் அடங்கியது. அந்தப் பெண் கையை உயர்த்தினாள். இருநூறு பேரும் முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, ஒரே குரலில் தொடங்கினார்கள்.

"மூணாவது மாடி..."

தங்கை துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். இரண்டு உள்ளங்கையையும் அக்காவின் இரண்டு காதுமேலும் வைத்து அழுத்தி மூடிக்கொண்டாள். அவர்கள் சொல்லி முடித்து, டிரைவர் கதவைச் சாத்தி, வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் எடுக்கவில்லை.